தோட்டம் வீட்டுக்கு, ஊற்று ஊருக்கு

சமவெளியில் விவசாயப் பேச்சு ஆடியில் தொடங்கித் தையில் முடிந்துவிடும். ஆடிப் பட்டம், சம்பா நடவு, தை அறுவடை என்று ஆண்டு ஓடும். கொல்லிமலையின் கணக்கு வேறு. நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்திருக்கும் இந்த மலையில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரைதான் வீட்டுக் கொல்லைகள் நிறைந்து நிற்கும். ஊற்று, ஓடை, வாய்க்கால், நடைபாதை போன்ற ஊர்ப் பொதுக் காரியங்களில் கைவைக்கத் தோதான காலமும் அதுவே. மழை நாளில் சரிவு மண்ணைத் தொட முடியாது. ஊற்று வற்றிய கோடையில் தொட்டும் பயனில்லை.

அரசுத் திட்டங்கள் இந்த வேலைகளைத் துறைவாரியாகப் பிரித்துவைத்திருக்கின்றன. காய்கறிச் செடி தோட்டக்கலைத் துறைக்கு. பாதையும் குடிநீரும் ஊரக வளர்ச்சித் துறைக்கு. ஓடை காட்டெல்லைக்குள் போய்விட்டால் வனத் துறைக்கு. மலையில் வாழ்பவருக்கோ இவை எல்லாம் ஒரே வேலை. ஊற்றைப் பேணாத ஊரில் தோட்டம் நிலைக்காது; தோட்டத்தைக் கைவிட்ட ஊரில் ஊற்றைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது. கொல்லிமலையின் பனிக்காலத்தை ஊரே சேர்ந்து செய்யும் பராமரிப்புக் காலமாக அரசு ஏற்க வேண்டும், அதற்கான அதிகாரத்தையும் கூலியையும் மலை மக்களின் கையில் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

பதினான்கில் ஒன்று

கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பிரிந்தது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்று நீளும் வரிசையில் பைல் நாடும் ஒன்று. வல்வில் ஓரி ஆண்ட மலை என்பதும், காரவள்ளியிலிருந்து ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்பதும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த செய்திகள். அவர்கள் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் குளித்து, செம்மேட்டில் முடவாட்டுக்கால் சூப் குடித்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். அருவியும் கோயிலும் இல்லாத நாடுகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். நாடு என்பது அவர்கள் காலங்காலமாகத் தங்களை நிர்வகித்துக்கொண்ட அலகு. அந்த நாடுகளின் பெயரிலேயே இன்றைய ஊராட்சிகளும் அமைந்திருக்கின்றன. மக்கள் மனத்தில் இருக்கும் எல்லையும் அரசு ஏட்டில் இருக்கும் எல்லையும் இவ்வளவு நெருங்கி வருவது தமிழ்நாட்டில் அரிது. ஒரு நல்ல உள்ளாட்சிக்கு இதைவிடச் சிறந்த அடித்தளம் கிடைக்காது. ஆனால், ஒரு நாட்டுக்குள் சிற்றூர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்து ஊர் கண்ணுக்குத் தெரியும். போய்ச் சேர ஒரு பள்ளம் இறங்கி ஒரு மேடு ஏற வேண்டும். சமவெளி ஊராட்சியில் ஒரு தெருவுக்குப் போடும் குழாயையும் சாலையையும் கொண்டு இங்கே ஒரு சிற்றூரைக்கூடச் சரியாக இணைக்க முடியாது. பராமரிப்புச் செலவு அதிகம். வரி வருமானமோ மிகக் குறைவு.

பனிக்குப் பூக்கும் கொல்லை

மார்கழிக் காலையில் மலைக் கொல்லையைப் பார்க்க வேண்டும். ஆடியில் ஊன்றிய அவரை பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கும். ஐப்பசி வரை வெறும் இலையும் கொடியுமாக இருந்தது, பகல் சுருங்கச் சுருங்கப் பூவெடுக்கத் தொடங்கி, மார்கழியிலும் தையிலும் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். பகல் நீளத்தைக் கணக்கு வைத்துப் பூக்கும் பயிர் அது, மொச்சையும் அப்படித்தான். பொங்கலன்று மொச்சைக் கொட்டைக் குழம்பு வைக்கும் வழக்கத்தின் பின்னால் இருப்பது இந்தப் பருவக் கணக்கே. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வழியில் வாழையும் சேம்பும் நிற்கும். பலா மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். வேலியோரம் கருணையும் வள்ளிக்கிழங்கும் தையில் தோண்டுவதற்காக மண்ணுக்குள் காத்திருக்கும். முள்ளங்கி, பீன்ஸ், கோசு, கேரட், பட்டாணி, கொத்தமல்லி, வெந்தயக் கீரை என்று கீழே கோடையில் நினைத்தும் பார்க்க முடியாதவை இங்கே பனியில் தழைக்கும்.

இந்தத் தோட்டத்தில் நுணுக்கம் ஏராளம். கார்த்திகை மழையில் வேர் அழுகாமலிருக்கப் பாத்தியை மேடாகக் கட்ட வேண்டும். கோசு விதையை நாற்றங்காலில் விட்டு, நான்கு வாரம் கழித்து எடுத்து நட வேண்டும். பனிக்காலத்தில் சாயங்காலம் தண்ணீர் விடக் கூடாது. இரவெல்லாம் இலை நனைந்தே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். காலை வெயில் ஏறும் நேரத்தில், தூரில் மட்டும் ஊற்ற வேண்டும். தை மாதத்தில் அவரைக் கொழுந்தில் அசுவினி அப்பிக்கொள்ளும். எறும்பு சாரை சாரையாக ஏறுவது அதன் முதல் அடையாளம். அதற்கு அடுப்புச் சாம்பல்தான் வீட்டு மருந்து. சலித்த சாம்பலை விடியற்காலையில், பனி ஈரம் உலர்வதற்கு முன்பு தூவ வேண்டும். அப்போதுதான் அது இலையில் ஒட்டும். வெயில் வந்த பிறகு தூவினால் முக்கால்வாசி தரையில்தான் விழும். இதையெல்லாம் எந்தக் கையேடும் சொல்லித்தரவில்லை. பெண்கள் பார்த்துப் பார்த்துப் பழகியது; தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் போவது.

விதையும் அவர்கள் கையில்தான். பந்தலில் நன்றாகக் காய்த்த கொடியில் முதல் ஈட்டுக் காய்களைப் பறிக்காமல் முற்ற விட்டு, காயவைத்து, சாம்பலில் பிரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். புகை படும் இடத்தில் வண்டு வராது. தானியத்துக்குத் தொம்பை உண்டு. மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணியும் பூசிய குதிர் அது. இந்தப் பரணும் தொம்பையும் இருக்கும்வரை ஒரு வீடு அடுத்த பட்டத்துக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

கிழங்கு விழுங்கிய நிலம்

இந்தத் தன்னிறைவு கடந்த சில பத்தாண்டுகளில் வெகுவாகக் குலைந்திருக்கிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. அந்த ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. மரவள்ளிக்கு நிச்சயமான சந்தை கிடைத்ததும் கொல்லிமலைச் சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த இடத்துக்குக் கிழங்கு வந்தது. மக்களைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. பிள்ளையைப் படிக்கவைக்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் ரொக்கம் வேண்டும். அதைக் கொடுத்தது மரவள்ளி. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு எவ்வளவு என்பது குத்திய பெண்களுக்குத்தான் தெரியும். ரேஷன் அரிசி வந்ததும் அந்த உலக்கையைக் கீழே வைத்தார்கள் என்றால், அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், இழந்தது சிறியதல்ல. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, செந்தினை, பெருந்தினை, சட்டைக் கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு என்று ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு ரகம் இந்த மலையில் இருந்தது. சில ரகங்கள் இன்று ஒரு சில குடும்பங்களின் தொம்பையில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே தங்கி, சமூக விதை வங்கிகளை உருவாக்கியது. சிறுதானியத்தில் உமி நீக்கும் இயந்திரங்களை மகளிர் குழுக்களின் கையில் கொடுத்தது. உலக்கையின் பாரம் குறைந்த இடங்களில் சாமை மறுபடி அடுப்பேறியது. பாரம்பரியம் பேசி மட்டும் ஒரு பயிரைக் காக்க முடியாது. அதைச் சுமக்கும் பெண்ணின் உழைப்பைக் குறைத்தால்தான் காக்க முடியும் என்பதே அந்த அனுபவத்தின் பாடம். ஐ.நா. 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் தினை லட்டும் சாமை முறுக்கும் நிறைந்தன. விதையைக் காத்துக் கொடுத்த மலைகளுக்கு அந்தக் கொண்டாட்டத்தில் எவ்வளவு பங்கு போய்ச் சேர்ந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒற்றைப் பயிரின் ஆபத்தும் கண்முன் வந்தது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் இந்தியாவில் கண்டறியப்பட்டு, கேரளத்திலிருந்து சேலம், நாமக்கல் பகுதி வரை பரவியது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்ட பிறகுதான் கட்டுப்பாட்டுக்கு வழி பிறந்தது. அறிவியல் கைகொடுத்தது, சரி. ஆனால், காடு முழுக்க ஒரே பயிரை நட்ட குடும்பத்துக்குக் குளவி வந்துசேரும் வரை யார் சோறு போடுவது? அவரைப் பந்தலும் கிழங்குக் குழியும் கீரைப் பாத்தியும் உள்ள வீட்டில் குறைந்தபட்சம் குழம்புக்குப் பஞ்சம் வராது. வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கு என்பது நகரத்துப் பார்வை. மலையில் அது காப்பீடு.

தோட்டத்தின் வேர் ஊற்றில்

பனிக்காலத் தோட்டத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம். வெயில் குறைவு, ஆவியாவதும் குறைவு. ஆனால், மழை நின்ற பிறகு அந்தக் குறைந்த தண்ணீராவது நாள் தவறாமல் வர வேண்டும். அது ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும்தான் வர வேண்டும்.

கொல்லிமலையின் அடியில் கிடப்பது சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அதன்மேல் பன்னெடுங்காலமாகச் சிதைந்து உருவான மண்ணடுக்கில்தான் மழைநீர் இறங்கித் தங்குகிறது. சரிவு மடியும் இடத்தில் கசிந்து ஊற்றாக வெளிவருகிறது. மேலே சரிவில் மரமும் சருகும் இருந்தால் மழை மண்ணுக்குள் போகும். வெட்டவெளியாகவோ, ஆண்டுதோறும் கிழங்குக்காகக் கிளறப்பட்டோ கிடந்தால் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மரவள்ளியைப் பிடுங்கும்போது மண்ணைப் புரட்டித்தான் பிடுங்க வேண்டும். சரிவில் அது மண் அரிப்புக்குக் கதவைத் திறக்கிறது. அப்படி இறங்கும் வண்டல் ஊற்றுக்கண்ணை மூடுகிறது, வாய்க்காலைத் தூர்க்கிறது.

ஆக, ஓர் ஊற்றின் ஆயுள் இரண்டு வேலைகளைப் பொறுத்தது. ஒன்று, மேல்சரிவில் நீரை நிறுத்துவது. இன்னொன்று, ஊற்றுக்கண்ணைச் சுற்றிச் சேர்ந்த சேற்றையும் இலைக் குப்பையையும் வேரையும் ஆண்டுக்கொரு முறையாவது எடுத்து, கல்லைத் திரும்ப அடுக்குவது. கண்ணைச் சிமென்டு போட்டு அடைத்துத் தொட்டி கட்டினால் நீர் வேறு வழியில் கசிந்துபோகும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். மண்ணை அள்ளும்போது ஊறும் திசையைப் பார்த்து அள்ள வேண்டும். ஆடு, மாடு இறங்கிக் கலக்காமல் சுற்றிலும் முள்வேலி போட வேண்டும். மழை ஓய்ந்து, ஊற்றில் நல்ல நீர் இருக்கும் பனிக்காலத்தில் செய்தால்தான் எந்தக் கண் ஊறுகிறது, எது அடைபட்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியும்.

இதில் கீழே இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. கொல்லிமலை ஓடைகள் சேர்ந்த ஐயாறுதான் ஆகாய கங்கையாக விழுந்து, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையை நோக்கி இறங்குகிறது. மலையில் ஒரு பெண் ஊற்றைச் சுத்தம் செய்தால் அது அவளுடைய அவரைப் பந்தலுக்கு மட்டுமல்ல. சமவெளி வயலுக்கும் செய்யும் காரியம். இந்தப் பணிக்குச் சமவெளி இதுவரை ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை.

பழைய வழக்கம், அதன் குறைகள்

ஊர்க் கவுண்டர் தண்டோரா போடச் சொன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்பது மலையின் பழைய வழக்கம். பொங்கலுக்கு முன்பும் ஊர்த் திருவிழாவுக்கு முன்பும் பாதை செதுக்குவார்கள், கோயில் திடலைச் சுத்தம் செய்வார்கள், ஊற்றை இறைத்துக் கழுவுவார்கள். சமவெளியில் குடிமராமத்து என்று பெயர் பெற்றதும் இதே வகைதான். அந்த வழக்கத்துக்குச் சட்டத் துணை கொடுக்க ஆங்கிலேய அரசு 1858-இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே கொண்டுவந்தது. வராதவரிடம் பணம் வசூலிக்க அதில் இடம் இருந்தது. தமிழ்நாடு அரசு 2017-இல் குடிமராமத்து என்ற பெயரை மீட்டெடுத்து ஏரி, கால்வாய்களுக்கு நிதி ஒதுக்கியது. அந்தத் திட்டத்தின் கண் சமவெளி ஏரிகளின்மீது இருந்தது. மலை ஊற்று அதன் அளவுகோலுக்குள் வரவில்லை. ஓர் ஊற்றுக்குத் தேவைப்படுவது சில நாள் உழைப்பும் கொஞ்சம் கல்லும்தான், அந்த அளவுக்குச் சிறிய வேலைக்கு மதிப்பீடு தயாரிப்பதே அலுவலகத்துக்குச் சுமை.

பழைய வழக்கத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதில் இரண்டு பெரிய குறைகள் இருந்தன. முடிவெடுத்தது ஆண்கள், ஊற்றிலிருந்து குடம் சுமந்ததும் தோட்டத்துக்கு நீர் ஊற்றியதும் பெண்கள். எந்த ஊற்றை முதலில் எடுக்க வேண்டும் என்று அவர்களைக் கேட்டதில்லை. இரண்டாவது, அது கூலியில்லா உழைப்பு. எல்லோரிடமும் நிலமும் தானியமும் இருந்த காலத்தில் அது சமமான பங்களிப்பாக இருந்திருக்கலாம். இன்று மிளகு, காபி பறிப்புக்காகக் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி போவது பெரிய இழப்பு. பலர் பிழைப்புக்காக வெளியூர்த் தோட்டங்களுக்கே போய்விடுகிறார்கள். இந்த மாதங்களில் கேழ்வரகு அறுவடையும் காபிப் பழம் பறிப்பும் மிளகுப் பறிப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக வருகின்றன. பனிக்காலம் மலையில் ஓய்வுக் காலம் அல்ல. ஆகவே, பொது வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும், பறிப்பு நாட்களோடு மோதாமல் திட்டமிட வேண்டும், திட்டமிடும் இடத்தில் பெண்கள் உட்கார வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் ஊர் ஒற்றுமை என்று பேசுவது ஏழைகளின் தலையில் பாரத்தை ஏற்றுவதாகிவிடும்.

சட்டம் இடம் கொடுக்கிறது

இதற்குப் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. மக்கள் நூறு நாள் வேலை என்று அழைத்த ஊரக வேலை உறுதித் திட்டம், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நீர்ப் பாதுகாப்பையும் நிலச் சீரமைப்பையும் முதன்மையான பணிகளாக வைத்தது. 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, தூய்மைப் பணிகளுக்கென்றே கட்டிவைத்தது. ஊற்றுப் பராமரிப்பு இந்த வரையறைக்குள் அழகாகப் பொருந்தும். ஆனால், தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊரக உள்ளாட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. நாமக்கல்லும் அதில் அடக்கம். தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எந்தச் சிற்றூரின் ஊற்று மாசியில் வற்றும் என்பது அவருக்குத் தெரியாது. ஓட்டுக் கேட்டு அந்த மேட்டில் ஏறிய வார்டு உறுப்பினருக்குத் தெரியும். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவது மலைக்கு வெறும் ஜனநாயக அலங்காரம் இல்லை, தண்ணீர்ப் பிரச்சினை.

காட்டெல்லை இன்னொரு தடை. பல ஊற்றுகளின் மேல்சரிவு வனத் துறையின் வசம் இருக்கிறது. குழாய் பதிக்கவோ வரப்பு போடவோ போனால் அனுமதி என்ற சொல் வந்து நிற்கும். இதற்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தெளிவான வழி சொல்கிறது. அதன் 3(2) பிரிவு, குடிநீர், சிறு பாசன வாய்க்கால், மழைநீர்ச் சேகரிப்பு, சாலை உள்ளிட்ட ஊர்ப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையின் பேரில் பயன்படுத்த இடம் தருகிறது. நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காக்கும் அதிகாரத்தை 5-ஆவது பிரிவு கிராம சபைக்கும் உரிமைதாரர்களுக்கும் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின்கீழ் பட்டா வழங்குவதற்கே நீதிமன்றத் தடை இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அதன் பிறகும் பேச்சு தனிநபர் பட்டாவிலேயே நிற்கிறது. சமூக உரிமையும் ஊர் வசதிப் பிரிவும் ஏட்டோடு கிடக்கின்றன.

பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கும் 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இங்கே செல்லாது. காரணம், தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எந்த இடமும் அறிவிக்கப்படவில்லை. கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் மக்களுக்கு இது நீண்ட காலக் குறை. அந்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், மாநில அரசு தன் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழேயே மலை ஊராட்சிகளுக்குத் தனி விதிகளை வகுக்கலாம்.

சிக்கிம் காட்டிய வழி

மலை ஊற்றை மக்கள் கையால் மீட்க முடியுமா என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே விடை உண்டு. சிக்கிம் மாநிலத்தின் ஊரக மேலாண்மை, வளர்ச்சித் துறை 2008-இல் ‘தாரா விகாஸ்’ என்ற ஊற்று மேம்பாட்டுப் பணியைத் தொடங்கியது. அதற்கெனத் தனியாகப் பெரிய நிதி தேடவில்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலியைக் கொண்டே செய்தார்கள். முதலில் ஊற்றுக்கு நீர் எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்று நிலவியல் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அதற்கு உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்தார்கள். பிறகு அந்தச் சரிவில் சம உயரக் கோட்டில் அகழிகளும் குழிகளும் வெட்டி மழையை நிறுத்தினார்கள். ஊற்றுகளை ஊர்வாரியாகப் பட்டியலிட்டுப் பொதுவில் வைத்தார்கள். வறட்சி மாதங்களில் ஊற்றுகளின் நீர்வரத்து கூடியது. 2018-இல் நிதி ஆயோக் வெளியிட்ட இமயமலை ஊற்றுகள் பற்றிய அறிக்கையும் இந்த வழியை முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டது.

இமயத்தின் மடிப்புப் பாறையும் கொல்லிமலையின் கடினப் பாறையும் ஒன்றல்ல. அகழியின் ஆழமும் இடமும் இங்கே வேறாகத்தான் இருக்கும். அதற்கு நம் பல்கலைக்கழகங்களின் நிலவியல் துறைகளும் நீர்வளத் துறையும் வந்து ஆராய வேண்டும். ஆனால், எடுத்துக்கொள்ள வேண்டிய முறை ஒன்றே: ஊற்றைப் பட்டியலிடு, அதன் சரிவைக் கண்டுபிடி, உள்ளூர் ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய், ஆண்டுதோறும் அளந்து பார். பொதுச் சொத்துகளைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணிக்கும் இடங்களில் அவை நீடிக்கின்றன என்பதை உலகெங்கும் பார்த்து எழுதிய எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். கொல்லிமலையின் நாடுகள் அந்த விதிகளை ஏட்டில் எழுதாமலே வைத்திருந்தன.

மலைக்கு ஒரு பணி நாட்காட்டி

செய்ய வேண்டியவற்றை நாள் குறித்தே சொல்லலாம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். அவற்றில் மூன்று நாட்கள் மலையின் பனிக்காலத்துக்கு முன்பும் நடுவிலும் பின்புமாக வருகின்றன. நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள். ஐப்பசி மழை நடுவில் வருவது. அன்றே ஒவ்வொரு சிற்றூரின் ஊற்று, ஓடை, நடைபாதைப் பட்டியலை வாசித்து, எதை முதலில் எடுப்பது என்று பெண்களின் சொல்லை முதலில் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும். மழை ஓய்ந்ததும் பறிப்பு நாட்களுக்கு இடையில் வேலை நடக்க வேண்டும். ஜனவரி 26, தைப் பொங்கல் கழிந்த கையோடு வருகிறது. அன்று செலவுக் கணக்கையும் முடிந்த வேலையையும் சபை முன் வைக்க வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். பங்குனி வெயில் தொடங்கியிருக்கும். அன்று ஊற்றை அளக்க வேண்டும்.

அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஊற்றிலிருந்து விழும் நீரில் ஒரு குடத்தைப் பிடித்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளே மாதம் ஒரு முறை இதைச் செய்யலாம். பள்ளிச் சுவரில் ஊற்றுவாரியாக எழுதிவைக்கலாம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்தால், எந்தச் சரிவில் செய்த வேலை பலித்தது, எந்த ஆழ்துளைக் கிணறு எந்த ஊற்றைக் குடித்தது என்ற உண்மை ஊருக்கே தெரிந்துவிடும்.

தோட்டத்துக்கும் இதே நாட்காட்டியில் இடம் வேண்டும். தோட்டக்கலைத் துறை கொடுக்கும் விதைப் பொட்டலங்கள் ஆடியிலும் கார்த்திகையிலும் வந்தால்தான் உண்டு. நிதியாண்டு முடியும் மார்ச்சில் வந்தால் மலைக்கு உதவாது. அந்தப் பொட்டலத்தில் வீரிய ரகங்களோடு மலையின் சொந்த அவரையும் மொச்சையும் இருக்க வேண்டும். அதற்கு மகளிர் குழுக்களிடமிருந்தே விதையை விலைக்கு வாங்கலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி இன்று பள்ளிதோறும் அடுப்பு எரிய வைத்திருக்கிறது. மலைப் பள்ளிகளுக்கு வேண்டிய காயையும் கீரையையும் சாமையையும் அந்தந்த நாட்டின் கொல்லைகளிலிருந்தே எடுத்தால், பிள்ளைக்குப் புதிய காய். தாய்க்குக் கையில் காசு. காய்கறி எழுபது வளைவு ஏறி வர வேண்டியதும் இல்லை.

சுற்றுலாவுக்கு வருபவர்களின் கடமையும் ஒன்று உண்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் அருவிப் பாதையில் வீசப்படும் பையும் தட்டும் மழையில் உருண்டு ஓடைக்குத்தான் போகின்றன. அதை அள்ளுவது தூய்மைக் காவலர்களான மலைப் பெண்கள். வாகன நுழைவுக் கட்டணம், தங்கும் விடுதி வரி ஆகியவற்றில் ஒரு பங்கைச் சுற்றுலா வரும் நாடுகளுக்கு மட்டுமல்லாமல், பதினான்கு நாடுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது நியாயம்.

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, மலைச்சாலையில் ஒரு வளைவை அகலப்படுத்தும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கிச் செல்லும் நிலை எந்தச் சிற்றூரிலும் நீடிக்கக் கூடாது. ஆனால், சாலை மலையிலிருந்து வெளியேற உதவுகிறது. ஊற்றும் தோட்டமும் மலையில் தங்கி வாழ உதவுகின்றன. இளைஞர்கள் ஊர்விட்டுப் போவதைப் பற்றிக் கவலைப்படும் அரசு, அவர்கள் தங்குவதற்கான காரணத்தையும் உருவாக்க வேண்டும். நீர் வற்றாத கொல்லையும், கூலியுள்ள ஊர் வேலையும், மதிப்பு உள்ள கிராம சபையும் அந்தக் காரணங்கள்.

வரும் நவம்பர் 1 கிராம சபையில் பைல் நாடு உள்ளிட்ட பதினான்கு ஊராட்சிகளிலும் முதல் பொருளாக ஊற்றுப் பட்டியல் வைக்கப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை அதற்குப் போதும். வனத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் தோட்டக்கலைத் துறையும் அன்று செம்மேட்டு அலுவலகங்களில் இருக்கக் கூடாது. அந்தச் சபைகளில் மக்களோடு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தீர்மானத்தை மக்கள் போடட்டும். அதை நிறைவேற்றத் தடையாக உள்ள அனுமதிகளை அதிகாரிகள் அங்கேயே எழுதிக் கொடுக்கட்டும். இந்தப் பனிக்காலம் வீணாகாமல் இருக்க அதுவே வழி.